வெளி ஸ்டேட்ல போட் வாங்கி டெக்சஸ் கொண்டு வர்றீங்களா? டாக்ஸ் கட்டுற வழி இதுதான்

"ஓக்லஹோமால வாங்குனா டாக்ஸே இல்லப்பா, காசைக் குடுத்தோமா, ட்ரெய்லரை மாட்டிட்டு வந்தோமா, வேலை முடிஞ்சுது." நான் போட் தேடிட்டு இருந்தப்ப இதை என்கிட்ட மூணு பேர் சொன்னாங்க, மூணு பேருமே போட் வாங்குனவங்க இல்ல. இதுல பாதி நிஜம். அந்தப் பக்கம் ஒரு தனியாள்கிட்ட வாங்குறீங்கன்னா அவர் டாக்ஸ்னு சொல்லி உங்ககிட்ட ஒரு சென்ட் வாங்க மாட்டார், அது சரிதான். ஆனா போட் ரெண்டு ஸ்டேட்டுக்கும் எல்லையா ஓடுற ரெட் ரிவரைத் தாண்டி டெக்சஸ்குள்ள வந்துச்சுன்னா அன்னிக்கே நீங்க டெக்சஸ் கவர்ன்மென்ட்டுக்குக் கடன்காரர். அந்தக் கடனுக்குப் பேர்தான் யூஸ் டாக்ஸ்.

நான் இருக்கறது டல்லாஸ் வடக்குல இருக்கற ஃபிரிஸ்கோ. வாங்குனது 18 அடி அலுமினியம் பாஸ் போட், பின்னாடி 115 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார், கூட ஒரு ட்ரெய்லர், எல்லாம் சேர்த்து 16,500 டாலர். லேக் டெக்சோமாவுக்கு வடக்கால ஓக்லஹோமா பக்கம் ஒரு பெரியவர்கிட்ட இருந்து. டாக்ஸ் கணக்கு எனக்கு அரை மணி நேரத்துல புரிஞ்சுடுச்சு, பேப்பரைச் சரிபண்ண மூணு வாரம் ஆச்சு. அதனால இங்கயும் டாக்ஸ் பத்தி கொஞ்சமாவும் பேப்பர் பத்தி நிறையவும்தான் சொல்லப்போறேன்.

டாக்ஸ் எவ்வளவு

டெக்சஸ்ல போட் வாங்குனா 6.25 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ். வெளிய வாங்கிட்டு வந்து இங்க தண்ணில இறக்குனா அதே 6.25 சதவீதம், பேர் மட்டும் யூஸ் டாக்ஸ்னு மாறும். கடையில சாமான் வாங்குறப்ப ஊர் டாக்ஸும் சேர்ந்து 8.25 வருதே, அது மாதிரி போட்டுக்கு வராது, ஊர் டாக்ஸ் இதுல கிடையாது, நெறைய பேர் 8.25ன்னு கணக்குப் போட்டு வீணா பயப்படுறாங்க. அதே சமயம், யாரோ வீட்டு வாசல்ல பழைய சோபா வாங்குறப்ப டாக்ஸ் கட்டறதில்லையே, செகண்ட் ஹேண்ட் போட்டும் அப்படித்தானேன்னு நினைக்காதீங்க. போட்டுக்கு அந்தச் சலுகை இல்ல. புதுசோ பழசோ, டீலரோ தனியாளோ, டாக்ஸ் உண்டு.

ஒரு உச்சவரம்பும் இருக்கு. 2019 செப்டம்பர்ல இருந்து ஒரு போட்டுக்கு 18,750 டாலருக்கு மேல டாக்ஸ் வாங்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, மோட்டாருக்கும் அதே மாதிரி தனி வரம்பு. கணக்குப் பார்த்தா 3 லட்சம் டாலருக்கு மேல போட் வாங்குறவங்களுக்குத்தான் இது உதவும், நமக்கெல்லாம் இது வேடிக்கை பார்க்கத்தான்.

எது போட், எது இல்ல? மோட்டார் வச்சது, ஜெட் ஸ்கி, செயில்போட் எல்லாம் போட்தான், 115 அடி நீளம் வரைக்கும் இந்தச் சட்டத்துல வரும். துடுப்பு போட்டு ஓட்டுற கயாக், கேனோ, ரப்பர் ராஃப்ட் இதெல்லாம் வராது. தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, அதுங்களுக்கு சாதாரண சாமான் மாதிரி ஊர் டாக்ஸும் சேர்த்துப் போகும். வெளி ஸ்டேட்ல டாக்ஸ் இல்லாம கயாக் வாங்கிட்டு வந்தா நேரா டெக்சஸ் வரி வசூலிக்கற கம்ப்ட்ரோலர் ஆபீஸ்க்கு 01-156ன்னு ஒரு ஃபாரம் போட்டுக் கட்டணும். எத்தனை பேர் கட்டுறாங்கன்னு கேக்காதீங்க.

ஒரு போட் இல்ல, மூணு பொருள்

புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் இதுதான், நானும் இங்கதான் விழுந்தேன். நம்ம கண்ணுக்கு அது ஒரே போட். டெக்சஸ் கண்ணுக்கு மூணு பொருள்: உடம்பு ஒண்ணு, அவுட்போர்டு மோட்டார் ஒண்ணு, ட்ரெய்லர் ஒண்ணு. போட்டுக்கு ஒரு டைட்டில், அதாவது ஓனர் யாருன்னு காட்டுற பத்திரம், அவுட்போர்டு மோட்டாருக்கு வேற டைட்டில். இது ரெண்டையும் பாக்கறது டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் டிபார்ட்மென்ட். ட்ரெய்லர் ரோட்டுல ஓடுற வண்டி, அதனால அது கார் கணக்குல போய் கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸ்ல சேரும். மோட்டார் உள்ளயே இருக்கற இன்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் போட்டுன்னா மோட்டாருக்குத் தனி டைட்டில் கிடையாது, அது உடம்போட சேர்ந்தது, ஒரு தலைவலி குறையும்.

என் கணக்கு இது. போட் 8,000, அதுக்கு டாக்ஸ் 500. மோட்டார் 6,000, டாக்ஸ் 375. ட்ரெய்லர் 2,500, டாக்ஸ் 156.25. மொத்தம் 1,031.25 டாலர். மூணுக்கும் ஒரே 6.25 சதவீதம்தான்றதால எப்படிப் பிரிச்சாலும் கூட்டுத்தொகை மாறாது, 16,500க்கு மொத்தமா போட்டாலும் இதே 1,031.25தான் வரும். அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்னா, ரெண்டு ஆபீஸ், மூணு ஃபாரம், ஒவ்வொண்ணும் அதோட விலை என்னன்னு தனியா கேக்கும். பில்லுல மொத்தமா ஒரே தொகை இருந்தா ஜன்னல்ல நின்னு முழிக்கணும்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. வீட்டுக்கு வந்த பிறகு சரிபண்ணலாம்னு நினைக்கற எல்லா விஷயமும் அந்த ஆள் வீட்டு வாசல்ல நிக்கறப்ப பத்து நிமிஷ வேலை, 80 மைல் தள்ளி வந்த பிறகு பல வார வேலை.

முதல்ல போட்டோட ஹல் நம்பர், ஹெச்.ஐ.என்னு சொல்லுவாங்க. 1972 நவம்பருக்கு அப்புறம் செஞ்ச போட்டுன்னா பின்பக்கப் பலகையில, போட்டுக்குள்ள நின்னு முன்னாடி பாத்தா வலது கைப் பக்கம், 12 எழுத்து-எண் அடிச்சிருக்கும். முதல் மூணு எழுத்து செஞ்ச கம்பெனி, கடைசி ரெண்டு எண் மாடல் வருஷம். அதை டைட்டில்ல இருக்கற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. ஓ எழுத்தும் சைபரும், எஸ்ஸும் அஞ்சும் மாறி டைப் ஆகியிருக்கறது சகஜம், ஒரு எழுத்து மாறுனாலும் இங்க அப்ளிகேஷன் நின்னுடும். போன்ல தெளிவா போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

அடுத்தது மோட்டார் நம்பர். போட்டோட அது மாட்டியிருக்கற இரும்புப் பட்டையில ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அது உரிஞ்சு போயிருந்தாலோ படிக்க முடியாம இருந்தாலோ அங்கயே பேரத்தை நிறுத்துங்க. நம்பர் இல்லாத மோட்டார் திருட்டு மோட்டாரா இல்லையான்னு நீங்க நிரூபிக்க வேண்டியிருக்கும், அது நமக்கு எதுக்கு.

நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். அந்தப் பெரியவர் ஒரு கவரைக் குடுத்து "ரெண்டு டைட்டிலும் உள்ள இருக்கு"ன்னாரு. மேல இருந்தது போட் டைட்டில், அவர் பேர், கையெழுத்து, எல்லாம் சரி. எனக்கு மனசு நிறைஞ்சுடுச்சு, அடுத்த காயிதத்தைப் பிரிச்சே பாக்கல, வெயில் வேற. வீட்டுக்கு வந்து டேபிள்ல பரப்பி வச்சுப் பாத்தா மோட்டார் டைட்டில்ல வேற யாரோ பேர். என்னன்னா பழைய மோட்டார் பழுதாகி இந்த மோட்டாரை அவர் இன்னொருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கி மாட்டியிருக்காரு, தன் பேருக்கு மாத்தவே இல்ல. ஏமாத்தணும்னு செஞ்சதில்ல, சோம்பேறித்தனம். ஆனா டெக்சஸ்க்கு அது முக்கியமில்ல, டைட்டில்ல பேர் இருக்கறவர் விக்கணும், இல்ல நடுவுல இருக்கறவர் முதல்ல தன் பேருக்கு மாத்திட்டு அப்புறம் எனக்கு விக்கணும். காசு குடுத்தாச்சு, இனி நான் கெஞ்சுற இடத்துல. நல்ல மனுஷன், போனை எடுத்தாரு, அவரே அலைஞ்சு சரிபண்ணிக் குடுத்தாரு. எடுக்காம விட்டிருந்தா 6,000 டாலர் மோட்டார் வெறும் இரும்புதான்.

அதனால டைட்டில்ல இருக்கற பேர், எதிர்ல நிக்கற ஆளோட டிரைவிங் லைசன்ஸ்ல இருக்கற பேர், ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க. ரெண்டு பேர் பேர்ல டைட்டில் இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். டைட்டில்ல பேங்க் லோன் இருக்குன்னு குறிச்சிருந்தா லோன் தீந்துடுச்சுன்னு பேங்க் குடுத்த லீன் ரிலீஸ் கடுதாசி இல்லாம காசு குடுக்காதீங்க, "லோன் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு"ன்னு வாயால சொல்றது செல்லாது. ஓக்லஹோமா டைட்டில்னா பின்பக்கம் விக்கிறவர் கையெழுத்தை நோட்டரி முன்னாடிதான் போடணும், அதனால அவரை முன்கூட்டியே கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லிட்டு அவரோட பேங்க்ல போய் உக்காந்து முடிச்சுக்கங்க, பெரும்பாலான பேங்க்ல நோட்டரி இருப்பாங்க. ஜெராக்ஸ் எதுக்கும் ஆகாது, அசல் டைட்டில்தான் வேணும்.

அப்புறம் பில் ஆஃப் சேல். டைட்டில் இருக்கே இது எதுக்குன்னு தோணும், டாக்ஸ்க்கு இதுதான் ஆதாரம். ஒரு வெள்ளைத் தாள்ல எழுதுனாலும் போதும்: தேதி, ரெண்டு பேர் பேரும் அட்ரஸும், போட் எந்த கம்பெனி எந்த வருஷம் ஹெச்.ஐ.என் என்ன விலை என்ன, மோட்டார் எந்த கம்பெனி எத்தனை குதிரைசக்தி சீரியல் நம்பர் என்ன விலை என்ன, ட்ரெய்லர் கம்பெனி வருஷம் வின் நம்பர் (வண்டியோட அடையாள நம்பர்) விலை, ரெண்டு பேர் கையெழுத்து. நான் ட்ரெய்லருக்குத் தனித்தாளா எழுதி வாங்கிக்கிட்டேன், அது ஒண்ணுதான் நான் அன்னிக்கு புத்திசாலித்தனமா செஞ்சது, ஏன்னா அந்த ட்ரெய்லருக்கு டைட்டிலே கிடையாது, இந்தத் தாள் மட்டும்தான் ஆதாரம்.

"விலை எவ்வளவு போடணும் சொல்லு, போட்டுத் தர்றேன்"னு சில பேர் தாராளமா கேப்பாங்க. வேணாம். அப்ளிகேஷன்லயே குடுத்த விலை இதுதான்னு நீங்க கையெழுத்து போடறீங்க, பொய்யா போட்டா அது குற்றம். பாதி விலை போட்டா எனக்கு மிச்சம் 500 சொச்சம் டாலர், அதுக்காக விசா, கிரீன் கார்டுன்னு காத்திருக்கற நம்ம ஆளுங்க கவர்ன்மென்ட் பேப்பர்ல பொய்க் கையெழுத்து போடறது என்னைக் கேட்டா மகா முட்டாள்தனம்.

டீலர்கிட்ட வாங்குனா

வெளி ஸ்டேட் டீலர் அவங்க ஊர் டாக்ஸை வாங்கலாம், இல்ல நீ டெக்சஸ்காரன் அங்க கட்டிக்கோன்னு விட்டுடலாம், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. வாங்குனாங்கன்னா பில்லுல எந்த ஸ்டேட் டாக்ஸ், எத்தனை டாலர்னு தனி வரியா இருக்கணும். "டாக்ஸ் அண்ட் ஃபீஸ்"னு கலந்து ஒரே வரியா போட்டா மாத்தித் தரச் சொல்லுங்க, டீலரோட டாக்குமென்ட் ஃபீஸ் எல்லாம் டாக்ஸ் ஆகாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வெளிய கட்டுன டாக்ஸை டெக்சஸ் கழிச்சுக்கும். 20,000 டாலர் போட்டுக்கு வெளிய 4 சதவீதம், அதாவது 800 டாலர் கட்டியிருந்தீங்கன்னு வைங்க, டெக்சஸ் கணக்குப்படி 1,250 ஆகணும், பாக்கி 450 மட்டும் இங்க கட்டுனா போதும். வெளிய 7 சதவீதம், 1,400 கட்டியிருந்தா இங்க ஒண்ணும் கட்ட வேணாம், ஆனா மேல போன 150 டாலரை டெக்சஸ் திருப்பித் தராது. எல்லாத்துக்கும் ரசீது வேணும், ரசீது இல்லன்னா கழிவு இல்ல.

உங்க பழைய போட்டை டீலர்கிட்ட குடுத்துட்டுப் புதுசு எடுத்தீங்கன்னா பழசுக்குக் குடுத்த விலையைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் டாக்ஸ். அதுவும் பில்லுல தெரியணும்.

கெடு

போட்டுக்கும் மோட்டாருக்கும் டெக்சஸ்குள்ள கொண்டு வந்த நாள்ல இருந்து 45 வேலை நாள். சனி ஞாயிறு லீவு நாள் கழிச்சா ஒன்பது வாரத்துக்கு மேலயே வரும், தாராளமான கெடுதான். ட்ரெய்லருக்கு அப்படி இல்ல, அது கார் சட்டம், சாதாரண 30 நாள். ஆக முதல்ல ஓட வேண்டியது ட்ரெய்லருக்குத்தான். நிறைய பேர் போட் வேலை முடிச்சுட்டு ட்ரெய்லரைப் பாக்கலாம்னு இருந்து அங்க அபராதம் கட்டுறாங்க.

போட்டை வாங்கி கொஞ்ச நாள் அந்த ஊர்லயே விட்டு வச்சிருந்தீங்கன்னா எந்தத் தேதில டெக்சஸ்குள்ள வந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருக்கட்டும், இழுத்துட்டு வந்தவரோட பில்லோ, வழியில பெட்ரோல் போட்ட ரசீதோ. கெடு தாண்டுனா முதல் 30 நாளைக்கு டாக்ஸ்ல 5 சதவீதம் அபராதம், அதுக்கு மேல போனா 10 சதவீதம், கெடு முடிஞ்சு 61வது நாள்ல இருந்து வட்டியும் ஓட ஆரம்பிக்கும். என் மோட்டார் டைட்டில் கதை மூணு வாரத்துல முடிஞ்சதால கெடுவுக்குள்ள வந்துட்டேன்.

ஆபீஸ்ல

போட், மோட்டார் வேலையை பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் ஆபீஸ்ல நேர்ல செய்யலாம், சில கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸ்லயும் செய்யலாம், இல்ல ஆஸ்டின்ல இருக்கற தலைமை ஆபீஸ்க்கு தபால்ல அனுப்பலாம். "சில"ன்ற வார்த்தையைக் கவனிங்க. எல்லா கவுன்ட்டி ஆபீஸும் போட் வேலை பாக்கறதில்ல. நான் லீவு போட்டு ஒரு ஆபீஸ்ல ஒன்றரை மணி நேரம் வரிசையில நின்னு ஜன்னல் வரைக்கும் போன பிறகு "போட்டா? இங்க இல்லையே"ன்னாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி "வெளி ஸ்டேட் டைட்டில், போட்டும் அவுட்போர்டு மோட்டாரும், பண்ணுவீங்களா"ன்னு முழுசா கேளுங்க, வெறுமனே போட் பண்ணுவீங்களான்னு கேட்டா ரினியூவல்னு நினைச்சு ஆமான்னு சொல்லிடறாங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது: போட்டுக்கு பிடபிள்யூடி 143 ஃபாரம், மோட்டாருக்கு பிடபிள்யூடி 144, ரெண்டையும் வீட்லயே பிரிண்ட் எடுத்து நிரப்பிடுங்க, அசல் டைட்டில்கள், பில் ஆஃப் சேல், வெளிய டாக்ஸ் கட்டியிருந்தா அந்த ரசீது, லீன் ரிலீஸ், உங்க லைசன்ஸ், நம்பர் போட்டோக்கள், செக் புக். டாக்ஸ் கேக்கற பகுதியும் அந்த ஃபாரம்லயே இருக்கு, தனியா கம்ப்ட்ரோலர் ஆபீஸ்க்குப் போக வேண்டியதில்ல, இவங்க வாங்கி அங்க அனுப்பிடுவாங்க. டைட்டில் வழக்கமே இல்லாத ஸ்டேட்ல இருந்து வர்ற போட்டுன்னா அந்த ஸ்டேட்டோட ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் விக்கிறவர் பேர்ல இருக்கணும், அதோட பில் ஆஃப் சேல் சேர்த்துக் குடுக்கணும்.

நான் கட்டுனது: டாக்ஸ் 500ம் 375ம் சேர்த்து 875. டைட்டில் ஒண்ணுக்கு 27 வீதம் ரெண்டுக்கு 54. ரிஜிஸ்ட்ரேஷன் 16 அடிக்கு மேல 26 அடிக்குக் கீழன்ற வகுப்புல ரெண்டு வருஷத்துக்கு 53. ஆக 982 டாலர். அன்னிக்கே ரிஜிஸ்ட்ரேஷன் கார்டும் ஸ்டிக்கரும் கையில குடுத்துட்டாங்க, டைட்டில் அப்புறமா தபால்ல வந்துச்சு.

ட்ரெய்லருக்கு கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸ்ல 130-யூ ஃபாரம். மொத்த எடை 4,000 பவுண்டுக்கு மேலன்னா டைட்டில் கட்டாயம், கீழன்னா ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் போதும். எடை கேப்பாங்க, தெரிஞ்சு வச்சுக்கங்க. வேற ஒண்ணும் பெருசா இல்ல.

டெக்சோமா குறுக்குவழி

டல்லாஸ் வடக்குல இருக்கறவங்க எல்லாருக்கும் வர்ற யோசனை இது, எனக்கும் வந்துச்சு. லேக் டெக்சோமா ரெண்டு ஸ்டேட்லயும் கிடக்கு. ஓக்லஹோமால போட்டுக்கு எக்சைஸ் டாக்ஸ் 3.25 சதவீதம்தான், ஏறக்குறைய பாதி. அப்ப அங்கயே ரிஜிஸ்டர் பண்ணிட்டு, ஓக்லஹோமா நம்பரோட இந்தப் பக்கம் வந்து ஓட்டுனா என்ன?

நிஜமாவே போட்டை வருஷம் பூரா அந்தப் பக்கம் மரினாலதான் விடறீங்க, அங்கதான் ஓட்டறீங்கன்னா அது ஓக்லஹோமா போட்தான், அங்க ரிஜிஸ்டர் பண்றதுதான் முறை, எந்த ஸ்டேட் தண்ணில அதிகமா ஓடுதோ அங்கதான் நம்பர் எடுக்கணும்னு சட்டம். ஆனா போட் நிக்கறது ஃபிரிஸ்கோ வீட்டு சந்துல, சனிக்கிழமையானா லூயிஸ்வில் லேக், ரே ஹப்பர்ட்னு போகுதுன்னா அது டெக்சஸ் போட். இதுல ஒரு 90 நாள் விதி இருக்கு, வெளி ஸ்டேட் நம்பரோட வர்ற போட் 90 நாள் வரைக்கும் தொடர்ச்சியா டெக்சஸ் தண்ணில இருக்கலாம்னு. அது இங்க சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு நம்பர் விஷயத்துல குடுக்கற சலுகை. டெக்சஸ்லயே குடியிருக்கற நம்மளோட டாக்ஸ் கெடுவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிட்டு 90 நாள் இருக்குன்னு நம்பறவங்க நிறைய. அங்க 3.25 கட்டியிருந்தா அந்த ரசீது இங்க கழிவுக்கு உதவும், அவ்வளவுதான்.

பெரிய போட் வாங்கி கோஸ்ட் கார்டு டாக்குமென்டேஷன் எடுத்துட்டா ஸ்டேட் டாக்ஸ் போயிடும்னு ஒரு கதையும் சுத்துது. போகாது. அது ஓனர் யாருன்னு ஃபெடரல்ல பதியறது, டாக்ஸ் அப்படியேதான் இருக்கும்.

வேலை மாறி டெக்சஸ் வர்றவங்க

கலிஃபோர்னியால இருந்தோ நியூஜெர்சில இருந்தோ வேலை மாறி வர்றப்ப போட்டையும் இழுத்துட்டு வர்றீங்கன்னா மேல சொன்ன 6.25 கணக்கு உங்களுக்கு இல்ல. அந்த ஊர்லயே உங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆன போட்டுன்னா புதுசா குடிவர்றவங்களுக்கான டாக்ஸ் மட்டும்தான், போட்டுக்கு 15 டாலர், மோட்டாருக்கு 15 டாலர். ட்ரெய்லர் கார் சட்டம்ன்றதால அதுக்கு 90 டாலர். ஆமா, போட்டை விட ட்ரெய்லருக்கு ஆறு மடங்கு, சிரிக்காதீங்க. பழைய ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு கட்டாயம் வேணும், வீடு மாத்துறப்ப தூக்கிப் போட்டுடாதீங்க.

தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி

ஓகேன்னு ஆரம்பிக்கற பழைய ஓக்லஹோமா நம்பரைச் சுரண்டி எடுத்துட்டு டிஎக்ஸ்னு ஆரம்பிக்கற டெக்சஸ் நம்பர் ஒட்டணும், முன்பக்கம் ரெண்டு பக்கமும், குறைஞ்சது 3 இன்ச் உயர எழுத்து, போட் கலருக்கு எடுப்பான கலர்ல. ஸ்டிக்கர் நம்பருக்குப் பின்னாடி 3 இன்ச் தள்ளி. ஹேர் டிரையர் காட்டுனா பழைய எழுத்து சுலபமா உரியும்.

டெக்சோமால இருந்து கொண்டு வர்றவங்களுக்கு இன்னொண்ணு. 2009ல இருந்து அந்த லேக்ல ஜீப்ரா மஸ்ஸல்னு ஒரு குட்டிச் சிப்பி பரவிக் கிடக்கு, அது ஒட்டுன போட் வேற லேக்குக்குப் போனா அங்கயும் பரவும், தண்ணி பைப் எல்லாம் அடைக்கும். அதனால லேக்கை விட்டு கெளம்பறப்ப போட்டுக்குள்ள, மீனை உயிரோட வைக்கற லைவ் வெல் தொட்டில, மோட்டார்ல இருக்கற தண்ணி பூரா வடிச்சிடணும், 2014ல இருந்து டெக்சஸ் முழுக்க இது சட்டம். போட் வாங்கற அன்னிக்கு ஓட்டிப் பாத்துட்டு அப்படியே மாட்டிக்கிட்டு வருவீங்க பாருங்க, அன்னிக்கும் இது பொருந்தும். கேம் வார்டன் நிறுத்துனா முதல்ல இதைத்தான் பாப்பாரு, பேப்பர் அப்புறம்.

டாக்ஸ் கட்டுன ரசீதை டைட்டிலோட சேர்த்து வைங்க. டெக்சஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்லன்றதால ஃபெடரல் ரிட்டர்ன்ல ஷெட்யூல் ஏ போட்டு ஒவ்வொரு கழிவையும் தனித்தனியா காட்டி ஐட்டமைஸ் பண்றவங்க சேல்ஸ் டாக்ஸ் கழிவு எடுப்பாங்க. ஐஆர்எஸ் டேபிள்ல வர்ற தொகைக்கு மேல போட்டுக்குக் கட்டுன டாக்ஸையும் கூட்டிக்கலாம், யூஸ் டாக்ஸா கட்டியிருந்தாலும் சேரும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கறவங்களுக்கு இதுல ஒரு காசும் திரும்பி வராது. நான் ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்தேன், ஸ்டாண்டர்ட்தான் ஜெயிச்சுது.